ஊர்தோறும் ஒரு புதினம்

இல்லறக் கடமைகளும் அடிக்கடி வீடு மாறும் நிலையும் எழுத்துப்பணிக்குத் தடையென்பர். அவற்றையே வாய்ப்பாக்கிக் கொண்டவர் ராஜம் கிருஷ்ணன் (1925 - 2014). முசிறியில் பிறந்த இவர் 15ஆம் வயதில் மணம்புரிந்தார். கணவர் மின்பொறியாளர், அவர்தம் பணியிட மாறுதலால் குடும்பமும் ஊர் மாறியது.

புதிய ஊரில் அயலாராய் ஒதுங்கி வாழ்தல் எளிது. இவரோ இல்லப் பணிகளுக்கிடையே அவ்வூர் மக்களின் வாழ்வை அறிய விழைந்தார். நீலகிரியில் வாழ்ந்தபோது படகர் சமூகத்தினருடன் பழகினார்; காலமாற்றம் அவர்தம் வாழ்வைக் குலைத்ததைக் கண்டார். அதன் பயனே 'குறிஞ்சித்தேன்' புதினம். நேரில் கண்டு எழுதும் அப்பழக்கமே பின்னர்த் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் துயரைக் 'கரிப்பு மணிகள்' எனப் படைக்கச் செய்தது. 'வேருக்கு நீர்' புதினத்திற்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

வீடுகள் மாறின, மக்களை அறியும் வேட்கை மாறவில்லை.