மேடைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு

மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு பக்கத்துப் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டே பறையும் பாட்டும் நாடகமும் பழக வருகிற தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நானும் கரும்பலகையையும் மேடையையும் சேர்த்தே வைத்து வாழ்ந்தவன். உங்களுக்கு நான் காட்டும் முன்னோடி கே. ஏ. குணசேகரன். 1955-இல் சிவகங்கைச் சீமையில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். நம் உப்பளங்களுக்குத் தெற்கே, காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தவர். அதோடு ‘தன்னானே’ கலைக்குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியவர். 2016 ஜனவரியில் காலமானார். அவர் வாழ்விலிருந்தும் இந்தக் கரையிலிருந்தும் நான் கற்றவை இவை.

1. முதலில் மாணவராகுங்கள்.
நடவுப்பாட்டும் ஒப்பாரியும் அறிந்த கிழவிக்குப் பட்டம் இல்லை. அந்தப் பாடத்தில் அவர்தான் ஆசிரியர். குணசேகரன் மக்களிடம் பாட்டுகளைத் திரட்டியதோடு நிற்கவில்லை, பாடத் தெரிந்தவர்களையும் மேடைக்குக் கூட்டிவந்தார். இன்று ஊரறிந்த பாடகி சின்னப்பொன்னு அவரோடு பாடியவர். யாரிடம் ஒரு பாட்டைக் கற்றீர்களோ, அவர் சம்மதித்தால் அவர் பெயரை மேடையில் உரக்கச் சொல்லுங்கள். பணம் வந்தால் அவருக்கும் பங்கு கொடுங்கள்.

2. பட்டதை மறைக்காதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள்.
குணசேகரனின் தன்வரலாறு ‘வடு’ 2005-இல் வந்தது. சாதி தன்னை என்ன செய்தது என்று அதில் எழுதினார். இளையான்குடிப் பக்கத்து இசுலாமியர் தன்னை மனிதனாக நடத்தியதையும் விடாமல் எழுதினார். இரண்டையும் சொன்னதால்தான் அந்தச் சாட்சியம் நிற்கிறது. ‘பலி ஆடுகள்’ நாடகத்தில், ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் பெண் எப்படிப் பலியாகிறாள் என்று கேட்டார். ஊரைக் கேள்வி கேட்கிறவர் தன் வீட்டையும் கேட்க வேண்டும்.

3. பறையைக் கூச்சமில்லாமல் எடுங்கள்.
சாவுக்கு அடித்தே தீரவேண்டும் என்று ஒரு சமூகத்தின் தோளில் கட்டாயமாக ஏற்றப்பட்ட கருவி அது. ஆசிரியர் அதைப் பிள்ளைகள் முன்னால் தோளில் மாட்டும்போது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் நடக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் வைக்கோல் தீயில் நன்றாகக் காய்ச்சுங்கள். அடிக்குச்சி, சுண்டுகுச்சி இரண்டுக்கும் தனித்தனியாகக் கை பழக வேண்டும்; அவசரப்படாதீர்கள்.

4. காற்று பார்த்து நில்லுங்கள்.
இங்கே சாயங்காலக் காற்று கடலிலிருந்து வீசும். கடலுக்கு முதுகு காட்டி நின்று பாடினால் குரலைக் காற்றே கூட்டத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்த்து நின்றால் அரை மணியில் தொண்டை கட்டிவிடும். மறுநாள் காலையில் வகுப்பு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். சொல் தெளிவாகப் போய்ச் சேரவேண்டும், அதுதான் முக்கியம். கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டு குணசேகரனின் குரலில் தமிழ்நாடெங்கும் பரவியதற்கு, ஒரு சொல்லும் சிதையாமல் அவர் பாடியது ஒரு காரணம்.

5. உழைக்கிறவர்கள் நேரத்துக்கு ஆடுங்கள்.
உப்பு விளையும் மாதங்களில் அளத்து வேலைக்காரர்கள் விடியுமுன்னே பாத்தியில் இறங்குகிறார்கள். வெயிலும் உப்பின் வெள்ளைக் கூச்சமும் கண்ணைத் தின்னும். கால் வெடித்துக் கிடக்கும். அந்த நாட்களில் விடிய விடிய நிகழ்ச்சி வைத்து அவர்கள் தூக்கத்தைப் பறிக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அளம் மூழ்கி வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும்போது போய் உட்காருங்கள். கதை கேளுங்கள். அடுத்த நாடகம் அங்கேதான் இருக்கிறது.

6. வேலையையும் வயதையும் காரணம் காட்டாதீர்கள்.
நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடிப் பக்கம் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதியவர். 24 வயதில் அதை விட்டு நடிக்க வந்தார். பின்னால் நாடக ஆசிரியராகி, பிள்ளைகளைக் கொண்ட சபை நடத்தி, 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். குணசேகரன் பணியாற்றிய நாடகப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயர்தான். அமெரிக்க அடிமைத்தளையிலிருந்து தப்பிய பெற்றோருக்குப் பிறந்த ரிச்சர்ட் ஹாரிசன் என்ற கறுப்பின நாடக ஆசிரியர், 1930-இல் தம் 65-ஆம் வயதில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் கடவுள் வேடம் ஏற்றுப் பெரும்புகழ் பெற்றார். நிறவெறி தலைவிரித்தாடிய காலம் அது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

7. அடுத்தவருக்கு வழி சொல்லுங்கள்.
சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில், பரிசில் பெற்ற பாணன் ஒருவன், பசியோடு வரும் இன்னொரு பாணனை ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் போகச் சொல்கிறான். அந்த வழியில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, கலைஞன் கலைஞனுக்கு வழி காட்டுவது இந்தக் கரையில் சங்ககாலத்துப் பழக்கம். உங்களுக்குக் கிடைத்த மேடையை, பார்த்த புத்தகத்தை, வாத்தியக்காரரின் முகவரியை ஒளித்து வைக்காதீர்கள். உங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை அதட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டுக் கையில் குச்சியைக் கொடுங்கள். இந்த ஊர் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு நீங்கள் திருப்பித் தரவேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.