அவசரமில்லாமல் பின்ன சில குறிப்புகள்

ஸ்வெட்டர் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. இருந்தும் ஊசியும் நூலுமாக உட்காருகிறோம் என்றால், அந்த நேரம் நமக்கு வேண்டியிருக்கிறது. ‘இன்னும் எத்தனை இஞ்ச் பாக்கி?’ என்று அதிலும் பறந்தால், பகல் முழுக்கப் பட்ட பரபரப்பே மடியிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கை ஓட, மனசு அடங்கப் பின்ன நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

1. முதல் வேலையாக ஸ்வெட்டரைத் தொடாதீர்கள். பருத்தி நூலில் சமையலறைத் துடைப்புத் துணி ஒன்று பின்னுங்கள். 40 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் நேர்ப் பின்னலாகவே போட்டுக்கொண்டு போகலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், ஓரம் சுருளாது. இந்தப் பின்னலில் இரண்டு வரிசையின் உயரம் ஏறக்குறைய ஒரு கண்ணியின் அகலம். அதனால் 80 வரிசைக்குள் சதுரம் வந்துவிடும். வரிசைகளை எண்ணக்கூட வேண்டாம். ஒரு மூலையைக் குறுக்காக மடித்துப் பாருங்கள்; ஓரத்தோடு ஓரம் சேர்ந்தால் முடிந்தது. சுமார் ஒரு சாண் அகலத் துணி கிடைக்கும். சற்றுக் கோணலாக இருந்தாலும் அடுப்பு மேடையைத் துடைக்காமலா போகும்?

2. ஒரு கண்ணிக்கு நான்கே அசைவுகள்: குத்து, சுற்று, இழு, இறக்கு. வலது ஊசியைக் கண்ணிக்குள் குத்தி, நூலை அதன்மேல் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து இறக்க வேண்டும். தொடக்கத்தில் இந்த நான்கு சொற்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே பின்னுங்கள். நாளாக ஆக வாய் தானாக நின்றுவிடும், கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். மனசு அடங்கத் தொடங்குவது அப்போதுதான். குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் இதுவே சுலபமான வழி.

3. நம் ஊர்க் கடைகளில் ஊசியைப் பெரும்பாலும் பழைய நம்பர் கணக்கில்தான் கேட்க வேண்டியிருக்கும். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 8-ம் நம்பர் 4 மி.மீ., 10-ம் நம்பர் 3.25 மி.மீ. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 8-ம் நம்பர் நல்லது. உலோக ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும். நிதானமாகப் பின்ன மூங்கில் ஊசிதான் தோது.

4. சென்னையிலும் மதுரையிலும் சித்திரை வெயிலில் கம்பளியை மடியில் வைத்துக்கொள்ள முடியாது. அங்கே பருத்தி நூல்தான் சரி. ஆனால் பருத்தி இழுத்தால் நீளாது, கை சீக்கிரம் வலிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுங்கள். ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்குக் கம்பளியே சுகம். எந்த நூலானாலும் சரி, லேபிளில் உள்ள லாட் நம்பரைப் பார்த்துத் தேவையான எல்லா உருண்டைகளையும் ஒன்றாக வாங்கிவிடுங்கள். பாதியில் அதே நிறம் தேடிக் கடை கடையாக அலையும் கவலை இருக்காது. ராத்திரியில் பின்னுவதற்கு வெளிர் நிறம். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாமல் கண் எரியும்.

5. கண்ணி ஊசியில் நகர மறுக்கிறதா? நூலைக் கை இறுக்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். அநேகமாகத் தோளும் காதை நோக்கி ஏறியிருக்கும். ஊசியைக் கீழே வையுங்கள். தோளை இறக்கி, விரல்களை விரித்து மடக்கி, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த வரிசை தளர்வாக வரும்.

6. டேப்பை வேறு அறையில் வையுங்கள். வரிசைக்கு வரிசை அளந்தால் துணி வளராது, பதற்றம்தான் வளரும்.

7. கையில் இரண்டு வேலை இருக்கட்டும். ஒன்று யோசிக்கத் தேவையில்லாத நேர்ப் பின்னல், இன்னொன்று டிசைன் போட்டது. களைத்துப்போன நாளில் டிசைனைத் தொட வேண்டாம்.

8. டிசைன் பின்னும்போது பத்து வரிசைக்கு ஒரு தடவை, வேறு நிறத்து மெல்லிய நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசியிலிருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி விட்டுவிடுங்கள். மேலே எங்கே தவறினாலும் அந்த நூல் வரை தைரியமாகப் பிரிக்கலாம், அதற்குக் கீழே ஒரு கண்ணிகூட நழுவாது. நிம்மதிக்கு இதைவிடச் சிறந்த உத்தி பின்னலில் இல்லை என்பேன்.

9. பிரித்த கம்பளி நூல் சுருள் சுருளாக நிற்கும். நாற்காலி முதுகில் சுற்றி வளையமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். முறுக்காமல் ஒற்றி எடுத்து நிழலில் தொங்கவிட்டால் நூல் நேராகிவிடும். பிரித்ததால் எதுவும் வீணாகவில்லை. அதே நூலை இன்னொரு முறை பின்னும் சந்தோஷம் மிச்சம்.

10. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பின்னுவதைவிட, தினமும் கொஞ்ச நேரம் மேல். 2013-ல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, பல நாடுகளைச் சேர்ந்த 3,500-க்கும் மேற்பட்ட பின்னல்காரர்களைக் கேட்டது. அடிக்கடி பின்னுகிறவர்களே அதிக அமைதியை உணர்வதாகச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தும்போது வரிசையை முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதி வரிசையில் விட்டால் அந்த இடத்தில் கண்ணி இளகித் தனியாகத் தெரியும்.

11. பின்னல் பையை வெளியேயும் எடுத்துப் போங்கள். மருத்துவமனை வரிசை, ரயில் பயணம் எல்லாமே அதற்கேற்ற இடங்கள்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டன் டைவிங் வீரர் டாம் டேலி, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பின்னியதை உலகமே பார்த்தது. தன் பதக்கத்துக்கு உறைகூட அவரே பின்னிக்கொண்டார்.

12. உறவில் யாருக்காவது வளைகாப்பு என்றதும், பிறந்த குழந்தை அளவில் ஸ்வெட்டர் தொடங்காதீர்கள். தேதி கழுத்தை நெரிக்கும், குழந்தையும் சில வாரங்களில் அந்த அளவைத் தாண்டிவிடும். ஒரு வயது அளவில் தொடங்குங்கள். கொடுக்கும் தேதியை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.