தேனும் பாலும் வேண்டும், கவனமும் வேண்டும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆடு மாடு இல்லாத லயம் ஒரு லயமாகவே தோன்றாது. விடியற்காலையில் பெரட்டுக்குக் கிளம்பும் முன்பே மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் சத்தம் கேட்கும். வேலை முடிந்து திரும்பும்போது நாய் பாதி வழிக்கே ஓடிவந்து வாலை ஆட்டும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி மாலை போடுவதில் பிள்ளைகளுக்குள்ள சந்தோஷத்தைச் சொல்லவே வேண்டாம். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோனவர்கள்கூட கொல்லையில் நாலு கோழி வளர்க்காமல் இருப்பதில்லை.

தேனீயும் நமக்கு அந்நியமல்ல. ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் துளிர் விடும் காலத்தில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் ஒரு இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் அதைத் தேடி வரும். ரப்பர் காட்டுத் தேன் பெரும்பாலும் இப்படிக் கிடைப்பதுதான். செம்பனைக் காட்டிலோ ஒரு சின்னஞ்சிறு வண்டு நமக்காக உழைக்கிறது. முன்பு நம் பெண்கள் செம்பனைப் பூவுக்கு மகரந்தப் பொடி அடிக்கும் வேலை செய்தது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலையை அது ஏற்றுக்கொண்டது.

ஆகவே, மிருகம் வளர்க்காதீர்கள், பூச்சியைக் கண்டால் கொல்லுங்கள் என்று சொல்வதற்காக இந்தப் பாடத்தை எழுதவில்லை. நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. எது கொட்டினாலும் கடித்தாலும், "தானா சரியாப் போயிரும், கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்கார்ந்துவிடுகிறோம். பல சமயம் அது சரியாகவே போய்விடும். சில சமயம் அந்தக் "கொஞ்சம்" உயிரைக் கொண்டுபோய்விடும். எதற்குப் பொறுத்திருந்து பார்க்கலாம், எதற்கு ஒரு நிமிஷமும் பார்க்கக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

கொட்டுவது எது?

மரப்பொந்தில், பழைய பெட்டியில் கூடு கட்டும் சிறு தேனீ ஒன்று. பெரிய மரக்கிளையில் பலகைபோல் ஒற்றை அடை தொங்கவிடும் மலைத்தேனீ ஒன்று. இதற்குக் கோபம் அதிகம். ஒன்று கொட்டினால் கூட்டமே வரும். கெலுலுட் என்னும் கொசுத்தேனீக்குக் கொடுக்குக் கிடையாது. இப்போது பலர் வீட்டோரம் வைத்து வளர்ப்பது இதைத்தான். தேன் கொஞ்சம் புளிக்கும்.

இவை தவிர, தெபுவான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெரிய குளவி. கறுத்த உடம்பு, வயிற்றின் முன்பாகத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் பட்டை. செம்பனை மட்டைகளுக்கு இடையிலும், புதரிலும், சில இனம் மண்ணுக்குள்ளும் கூடு கட்டும். குலை வெட்டும்போது மட்டை அதிர்ந்தாலும், புல் வெட்டும் இயந்திரம் பக்கத்தில் போனாலும் கிளம்பிவிடும்.

ஒரு வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள். தேனீ ஒரு முறைதான் கொட்டும். கொடுக்கும் விஷப்பையும் நம் தோலிலேயே அறுந்து தங்கிவிடும். குளவி அப்படியல்ல, ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும்.

கூட்டம் கிளம்பினால்

தேனீ கொட்டிய இடத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். வாழைப்பழ வாசம் போல இருக்கும். "இங்கே வாருங்கள், இவனைக் கொட்டுங்கள்" என்று மற்ற தேனீக்களுக்குப் போகும் செய்தி அது. அதனால் அங்கேயே நின்றுகொண்டு கையை வீசி அடிப்பது மகா தப்பு. அடிக்க அடிக்க வாசம் பரவும், கூட்டம் பெருகும்.

சட்டையைத் தூக்கி முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு, பாதை தெரியும்படி பார்த்து ஓடுங்கள். வீடு, லாரி, வேன் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதற்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். குட்டையிலோ கால்வாயிலோ குதிக்க வேண்டாம். நீங்கள் மூச்சுக்குத் தலை தூக்கும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கொட்டிய பிறகு

தேனீயானால் தோலில் நிற்கும் கொடுக்கை உடனே எடுங்கள். விஷப்பை உள்ளே விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் சுரண்டினாலும் சரி, பிடுங்கினாலும் சரி. எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரத்தில் எடுத்துவிடுவதே மேல். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்கும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும்.

கொட்டிய இடம் மட்டும் சிவந்து, வீங்கி, வலித்தால் அது சாதாரணம். ஓரிரு நாள் வீக்கம் இருக்கும். இதற்குப் பொறுத்திருந்து பார்க்கலாம்.

ஒரு நிமிஷமும் பார்க்கக்கூடாதவை

சிலருக்கு ஒரே ஒரு கொட்டு போதும், உடம்பு முழுவதும் எதிர்த்துக் கிளம்பிவிடும். பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திற்குள் தெரியும். அறிகுறிகள் இவை:

1. கொட்டாத இடத்திலும் தடிப்பு, அரிப்பு. உதடு, நாக்கு, கண் இமை வீங்குதல்.

2. மூச்சுத் திணறல், இழுப்பு, குரல் கம்முதல், தொண்டை அடைப்பது போலிருத்தல்.

3. தலைச்சுற்றல், கண் இருட்டுதல், குளிர்ந்த வேர்வை, மயக்கம்.

4. வாந்தி, வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி.

மூச்சோ மயக்கமோ தெரிந்தால் உடனே 999-ஐ அழையுங்கள், அல்லது இருக்கிற வண்டியில் ஏற்றுங்கள். இதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. தொடையில் போடுவோம். அரிப்பு மாத்திரை அந்த ஊசிக்கு ஈடாகாது. ஆளைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள். வாந்தி வந்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். "எழுந்து நட, சரியாகிடும்" என்று நிற்கவைக்க வேண்டாம். இரத்த அழுத்தம் விழுந்திருக்கும் ஆளைத் திடீரென நிறுத்தினால் அதிலேயே உயிர் போகலாம். தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.

ஊசி போட்டுத் தேறியதும், "நல்லாயிட்டேன் ஐயா, வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. சில மணி நேரம் கழித்து அதே தொல்லை திரும்பவும் வரலாம். இருக்கச் சொன்னால் தயவுசெய்து இருங்கள். இப்படி ஒரு முறை ஆனவர், அடுத்த முறையும் ஆகலாம் என்பதை மண்டோரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும், பத்துக்கு மேல் கொட்டினாலும், ஆள் தெம்பாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சிறு பிள்ளைக்கு அதற்குக் குறைவாகக் கொட்டியிருந்தாலும் அழைத்து வாருங்கள். நிறையக் குளவி கொட்டினால் விஷம் தசையையும் இரத்த அணுக்களையும் கரைத்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அன்றைக்கே தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போகும், அல்லது குறைந்துவிடும். வலி போய்விட்டதே என்று வேலைக்குப் போய்விடாதீர்கள்.

கைக்குழந்தைக்குத் தேன் வேண்டாம்

பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கும்போது தேன் தடவுவது சில குடும்பங்களில் வழக்கம். பாட்டிமார் ஆசையாகச் செய்வதுதான். ஆனால் ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் சில வேளை ஒரு கிருமியின் வித்து இருக்கும். பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது. கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கத் தெம்பில்லாமை, அழுகை மெலிதல், கழுத்துத் தொய்தல் இவை அடையாளம். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயதுக்குப் பிறகு தாராளமாகக் கொடுங்கள்.

கொட்டகையில்

"கறந்த சூட்டோடு குடிச்சாத்தான் சத்து" என்று சொல்வார்கள். சத்தோடு சேர்ந்து காசநோய்க் கிருமியும், மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும் கிருமியும் வரலாம். பொங்கி வரும்வரை காய்ச்சினால் இரண்டும் செத்துப்போகும். ஆடு மாடு ஈனும்போது நஞ்சுக்கொடியை வெறும் கையால் எடுக்காதீர்கள். கையுறை இல்லாவிட்டால் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டுங்கள்.

சாணத்திலும் மண்ணிலும் ரண ஜன்னிக் கிருமி இருக்கிறது. புண்ணில் சாணம் வைப்பது பழைய காலத்தோடு போகட்டும். தடுப்பூசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் மறு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

தீவனம் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றால், தோலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். மாட்டுச் சிறுநீரிலும் அது இருக்கலாம். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் பிடித்து இழுக்கும் வலி, கண் சிவத்தல் என்றால் பனடோல் போட்டுப் படுத்துக்கொள்ளாதீர்கள். 2010 முதல் இது நம் நாட்டில் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். டாக்டரிடம் "நான் தோட்டத்தில் வேலை செய்கிறேன், மாடு வளர்க்கிறேன்" என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள். சீக்கிரம் வந்தால் மருந்துக்குக் கட்டுப்படும். தாமதித்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

நாய் கடித்தால்

வெறிநாய்க்கடி நம் நாட்டில் இல்லை என்று இனியும் எண்ண வேண்டாம். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் தலைகாட்டியது. 2017-ல் சரவாக்கில் தொடங்கி அங்கே பல உயிர்களைக் குடித்தது. நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வெளிப்படும் முன் தடுக்கலாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் புண்ணைக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நம் வீட்டு நாய்தானே என்று விடக்கூடாது.

வேலைக்காட்டில் உங்கள் உரிமை

நிரையில் கூடு கண்டால் மண்டோரிடம் சொல்லுங்கள்; மறுநாள் பெரட்டிலும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அந்த இடத்தில் அடையாளத் துணி கட்டுங்கள். பெட்ரோல் ஊற்றி நாமே கொளுத்துவது வேண்டாம். போம்பாவையோ பொது தற்காப்புப் படையையோ கூப்பிட்டால் வந்து அகற்றுவார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் இடத்தை விட்டு விலகும் உரிமையைத் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1-6-2024 முதல் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது.

வேலை செய்யும்போது குளவி கொட்டினால் அதுவும் வேலை விபத்துதான். "பூச்சிக் கடி" என்று சும்மா விடாமல் ஆபீஸில் பதியச் சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் சிறுநீரகத் தொல்லை என்று வந்தால் அந்தச் சீட்டுத்தான் உங்களுக்குச் சாட்சி.

தோழர்களே, இந்தப் பக்கத்தை வெட்டி வீட்டுக் கதவில் ஒட்டிவையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். உங்கள் நிரையில் பக்கத்து மரத்தில் வேலை செய்பவருக்கு வங்காளமோ இந்தோனேசியமோதான் புரியும் என்றால், மூச்சுத் திணறலையும் உதடு வீக்கத்தையும் சைகையிலாவது காட்டிக்கொடுங்கள். கொட்டு வாங்கியவருக்குப் பேச முடியாமல் போகலாம். அப்போது பக்கத்தில் நிற்பவர்தான் அடையாளம் கண்டு வண்டியைக் கூப்பிட வேண்டும்.