பதினோராவது ட்ரே

உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டு. எச்சில் இலைகளைக் கொட்டியிருந்த பெரிய டிரம்மை நானும் என் கணவரும் குனிந்து துழாவிக்கொண்டிருந்தோம். பட்டுப்புடவை முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், "என்னம்மா, மூக்குத்தியா?" என்று இரக்கத்தோடு கேட்டார். "பல்லு" என்றார் என் கணவர். அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

தேடியது அலைனர். 13 வயது மகளின் மேல்வரிசைப் பல்லில் மாட்டும் பிளாஸ்டிக் உறை. பந்தியில் உட்கார்ந்ததும் கழற்றி, பேப்பரில் சுற்றி இலையோரம் வைத்திருக்கிறாள். பாயசம் முடிந்து இலையை மூடியபோது அதுவும் சேர்ந்து மூடிக்கொண்டது. 24 ட்ரேக்களில் அது பதினோராவது.

கிடைத்தது. ஆனால் இலைக்குப்பையில் கிடந்ததை வாயில் வைக்க மனசு வருமா? வீட்டுக்கு வந்ததும் குழந்தைப் பால்பாட்டிலைக் கொதிக்க வைப்பதுபோல ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் போட்டேன். அரை நிமிஷத்தில் சுருண்டுவிட்டது. சூடு பட்டால் வளையும் பிளாஸ்டிக் அது. பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். தொலைத்தவள் அவள், கெடுத்தவள் நான்.

இந்த வம்புக்கு ஆரம்பம் என் மகளின் பல் இல்லை, என் பல். எனக்கு எத்துப்பல். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பட்டப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இன்றைக்கும் போட்டோவுக்கு வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன். மகளுக்கு மேலே இடதுபக்கம் சிங்கப்பல் தூக்கிக்கொண்டு நிற்க, கீழ்வரிசை நெருக்கியடித்துக்கொண்டு முளைத்தது. "சிங்கப்பல் அதிர்ஷ்டம்டி, அதுல கைய வைக்காதீங்க" என்று அவள் அப்பாயி தடுத்தார். எனக்கோ அவள் வாயில் கம்பி தெரியக் கூடாது என்பது ஒன்றே குறி. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் போன கிளினிக்கில் பேனா மாதிரி ஒரு ஸ்கேனரை வாய்க்குள் விட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் அவள் பல்வரிசை திரையில் வந்தது. ஒரு பட்டனைத் தட்டியதும் பல்லெல்லாம் நகர்ந்து, அணிவகுத்து நின்றது. அதைப் பார்த்துச் சொக்கிப்போனேன். அந்தப் படம் காட்டியது நடக்கப்போவதை இல்லை, நடக்க வேண்டும் என்று போட்ட திட்டத்தை. அது அப்போது உறைக்கவில்லை. ஒரு எக்ஸ்ரே கூட எடுக்காததும் உறைக்கவில்லை. கம்பி என்றால் 42,000, அலைனர் என்றால் 1,35,000. பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அலைனர் வேலை செய்யும் விதம் எளிது. ஒரு ட்ரே பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்தும். அது முடிந்ததும் அடுத்தது. உறைக்குப் பிடிமானம் வேண்டும் என்று பல் நிறத்திலேயே சில பொட்டுகளை ஒட்டுவார்கள். ஒரு நாளைக்கு 22 மணி நேரம் போட வேண்டும். பல் நகர்வது என்றால், அழுத்தம் படுகிற பக்கம் எலும்பு கரைந்து எதிர்ப்பக்கம் புதிதாக வளர்வது. அழுத்தம் விட்டுவிட்டு வந்தால் எலும்பு குழம்பும், பல் பழைய இடத்துக்கே சாயும்.

வங்கியில் கணக்குப் பார்க்கிறவள் நான், இந்த 22-ஐ மட்டும் கணக்குப் போடவில்லை. மிச்சம் 2 மணி நேரம், அதாவது 120 நிமிஷம். காலை டிபன் 20, பள்ளி இடைவேளை 10, மதியச் சாப்பாடு 30, சாயங்காலம் 20, ராத்திரி 25. ஒவ்வொரு தடவையும் பல் விளக்க 5. கூட்டினால் 130. முறுக்கு கொறிப்பதையும் டீ குடிப்பதையும் இதில் சேர்க்கவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயத்தை அவள் எட்டு மாசம் கழித்துத்தான் சொன்னாள். வகுப்பில் ஏழெட்டுப் பேர் பல்லில் கம்பி க்ளிப் போட்டிருக்கிறார்கள். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் மதியம் டப்பாவைத் திறந்ததும் இவள் மட்டும் வாய்க்குள் விரலை விட்டு, எச்சில் நூலாக இழுக்க ஒன்றைக் கழற்ற வேண்டும். பக்கத்துப் பெண் முகம் சுளித்திருக்கிறாள். அன்றிலிருந்து ஸ்கூல் வேனில் ஏறியதும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இறங்கும்போது மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரியாது என்று நான் காசு கொடுத்து வாங்கியதுதான் அவளுக்குக் கூச்சமாகிப்போனது.

ட்ரே சுருண்ட விஷயத்தைப் போனில் சொன்னபோது, "பரவால்ல மேடம், பன்னெண்டாவதைப் போடச் சொல்லுங்க" என்றார்கள். பல்லை நேரில் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், இல்லை பத்தாவதுக்கே திரும்பலாம். இங்கே பார்க்கவே இல்லை. பதினாலாவதைப் போட்ட அன்றைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்றப் பற்களில் உறை தோலாக ஒட்டியிருக்க, சிங்கப்பல்லின் நுனிக்கும் உறைக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் அளவுக்குக் காற்று. ட்ரேக்கள் முன்னே போய்விட்டன. பல் பின்னால் நின்றுவிட்டது. கிளினிக்கில் பல் தேய்க்கும் பழக்கத்திலிருந்து என் வளர்ப்பு வரைக்கும் குறை சொன்னார்கள். பணம் திரும்பவில்லை.

அடுத்துப் போனது, பி.டி.எஸ். முடித்து அதற்கு மேல் மூன்று வருஷம் பல் சீரமைப்பிலேயே எம்.டி.எஸ். படித்த ஒரு டாக்டரம்மாவிடம். முழுத் தாடை எக்ஸ்ரேயும் பக்கவாட்டில் மண்டை எக்ஸ்ரேயும் எடுத்தபிறகுதான் பேசவே ஆரம்பித்தார். சிங்கப்பல்லைக் கீழே இழுத்து இறக்க வேண்டும். அந்த மாதிரி இறக்குவதிலும், உருண்டையான பல்லைத் திருப்புவதிலும் அலைனருக்குப் பிடி குறைவு. இடமும் போதாது, முன்கடைவாய்ப் பல் நான்கை எடுத்தாக வேண்டும். இதெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவை. கடைசியில் ஒன்று சொன்னார்: "கம்பி போட்டா வேலை என்னோடது. அலைனர் போட்டா வேலை உங்க பொண்ணோடது." பிறகு என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, "நீ என்ன சொல்றே?" என்றார். அவளை அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "க்ளிப்பே போடுங்க ஆன்ட்டி, புளூ ரப்பர்."

அந்தப் புளூவுக்குப் பின்னால் விவரம் இருக்கிறது. கம்பியைப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டோடு பிடித்து வைக்கும் குட்டி ரப்பர் வளையத்தை வெள்ளையாகவோ நிறமில்லாமலோ போட்டால், நம் வீட்டுச் சாம்பார் மஞ்சள் இரண்டே நாளில் அதை மாம்பழ நிறமாக்கிவிடும். வகுப்புப் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது.

முதல் நான்கு நாள் ரசம் சாதமும் குழைந்த இட்லியும்தான். கன்னத்தின் உட்பக்கம் உரசிப் புண்ணானது. அதற்கு மெழுகை உருட்டிப் பிராக்கெட்டின் மேல் ஒட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். முதல் மாதங்களில் போடுவது நிக்கல் டைட்டானியம் கம்பி. எப்படி வளைத்துக் கட்டினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் உலோகம், போகும்போது பல்லையும் இழுத்துக்கொண்டு போகும். இவள் தூங்கினாலும் மறந்தாலும் அது பாட்டுக்கு நடக்கும். என் தலையிலிருந்து அந்த 22 மணி நேரம் இறங்கியது.

தொந்தரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தீபாவளி முறுக்கில் ஒரு பிராக்கெட் பிய்ந்தது. பொங்கல் கரும்பு இரண்டு வருஷமும் ஜூஸாகத்தான். மாசம் ஒரு தடவை லீவு போட்டு தில்லைநகர் கிளினிக்குக்கு அலைச்சல். பிராக்கெட்டைச் சுற்றிச் சரியாகத் தேய்க்காவிட்டால் எனாமல் கரைந்து சுண்ணாம்புத் திட்டு விழும், கம்பியைக் கழற்றினாலும் அது லேசில் போகாது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கியது மாதிரி ஒரு பிரஷ் இருக்கிறது, தினம் ராத்திரி அதை விட்டுக் கம்பிக்கு அடியில் தேய்க்க வேண்டும். பத்து நிமிஷம் கூட உட்கார்ந்து நானே பார்த்தேன்.

அலைனரே கூடாது என்பதில்லை. என் தங்கை மகன் நாதஸ்வரம் கற்கிறான். கம்பி போட்டால் சீவாளியை அழுத்தும்போது உதடு கிழியும். அவனுக்குக் கீழ்வரிசையில் கொஞ்சம் நெருக்கம் மட்டும்தான். சாதகம் செய்யும் நேரத்தையும் கழித்துத்தான் டாக்டர் கணக்குப் போட்டார், ஒவ்வொரு ட்ரேயையும் கூடுதல் நாள் போட வைத்தார். டப்பாவை மணிபர்ஸ் மாதிரி சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். அழகாக முடிந்தது. ஆனால் அந்தப் பையனின் தண்ணீர் பாட்டிலும் ஜியாமெட்ரி பாக்ஸும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒருநாள்கூடப் பள்ளியில் தங்கியதில்லை. என் மகள் அந்த வருஷம் மட்டும் நான்கு பாட்டில் தொலைத்திருந்தாள். ஸ்கேனரில் காட்டுவதற்கு முன்னால் நான் பார்த்திருக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

இப்போது யாராவது ஆபீஸில் என்னைக் கேட்டால், டாக்டர் என்ன படித்தவர், எக்ஸ்ரே எடுத்தாரா என்பதோடு இன்னொன்றும் கேட்கச் சொல்கிறேன்: தொலைந்த ட்ரேக்கும் நடுவழியில் மாற்றும் திட்டத்துக்கும் எவ்வளவு, எழுதிக் கொடுப்பீர்களா? வீட்டுக்கே அனுப்புகிறோம், டாக்டரிடம் போகவே வேண்டாம் என்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி நகர்ந்த பல்லோடு நின்றவர்கள் ஏராளம். கையில் காசு இறுக்கம் என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் மாணவர்களுக்கு மேலே பேராசிரியர் நின்று பார்ப்பார். இன்னொன்று, ஏழு வயதில் ஒருமுறை காட்டுங்கள் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. காட்டச் சொல்கிறார்கள், அப்போதே போடச் சொல்லவில்லை.

22 மாசம் கழித்துக் கம்பியைக் கழற்றினார்கள். நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வழியில் கடையில் நிறுத்தச் சொல்லி, கைமுறுக்கு ஒன்றை வாங்கி நறுக்கென்று கடித்தாள்.

பல் திரும்ப நகராமல் இருக்க ராத்திரியில் போட ஒரு ரிடெய்னர் கொடுத்தார்கள். வீட்டில் டப்பாவைத் திறந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். அச்சு அசலாக அந்தப் பதினோராவது ட்ரே மாதிரியே.

"இதத் தொலைச்சா எவ்ளோம்மா?"

"நாலாயிரம்."

யோசித்துவிட்டு, டப்பாவை என் பீரோவிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். தினம் ராத்திரி ஒன்பதரைக்கு வந்து கை நீட்டுகிறாள்.