வீட்டிலுள்ள பழைய வாளைப் படித்தறிவது எப்படி?

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் பூசையறையிலோ, பரணிலோ, குலதெய்வப் பெட்டியிலோ ஒரு பழைய வாள் இருக்கக்கூடும். சித்தூர் வட்டத்துக்காரர் அதைத் "திப்பு காலத்து வாள்" என்று சொல்வதுண்டு. மறையூர், வட்டவடைப் பக்கத்தவர் "மதுரையிலிருந்து முன்னோர் வந்தபோது கொண்டுவந்தது" என்று சொல்வதுண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கதையை மனிதர் மாற்றிச் சொல்லலாம். இரும்பு மாற்றிச் சொல்லாது. இரயில்வேயில் இரும்போடு பல்லாண்டுகள் பழகியவன் என்ற முறையில், அந்த இரும்பைப் படிக்கும் வழியை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் நம் நிலத்து எஃகின் பெருமையை அறிய வேண்டும். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் சென்ற பண்டைப் பெருவழியில், நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. தேனிரும்புத் துண்டுகளை ஆவாரங்கட்டையும் பச்சிலையும் சேர்த்து மண் மூசையில் அடைத்து, வாயை மூடி, உலையில் வைத்து உருக்குவது தென்னாட்டு முறை. இப்படிக் கிடைத்த எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். இலண்டனில் மைக்கேல் பாரடே 1819ஆம் ஆண்டளவில் இதை ஆராய்ந்தார்.

நம் இரயில் தண்டவாளத்தில் கரி ஏறத்தாழ 0.6 முதல் 0.8 சதவீதம், ஊட்ஸ் எஃகிலோ ஏறத்தாழ 1.5 சதவீதம். இதனால் நன்றாக அடித்த ஊட்ஸ் வாளின் முகத்தில் நீரலை போன்ற வரிகள் தெரியும். எல்லாப் பழைய வாளும் ஊட்ஸ் அன்று. வரி இல்லாததால் வாள் போலி என்றும் ஆகாது.

இனி, பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியக் கொல்லர் பலர், கைப்பிடிக்குள் மறையும் வால் பகுதியில் தம் பெயரைக் கொத்தி வைத்தனர். அங்குள்ள வல்லுநர் கைப்பிடியைக் கழற்றி அந்த வாலைப் பார்ப்பார்கள். வாலில் படிந்த கருந்துருவே வயதுக்குச் சாட்சி என்பதால் அதைத் தேய்ப்பதே இல்லை. அங்கும் புகழ்பெற்ற கொல்லர் பெயரைப் பொய்யாகக் கொத்தியவர் உண்டு. நம் வாள்களில் வால் பகுதியை அரக்கு வைத்துக் கைப்பிடிக்குள் இறுக்கிவிடுவதால் அது கண்ணுக்குத் தெரியாது. மேலும், ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுக்கு இங்கே கைப்பிடி போட்டுக்கொள்வதும் வழக்கமாயிருந்தது. அதைப் 'பிரங்கி' என்றனர். ஆகவே அலகு ஓரிடம், பிடி ஓரிடம், காலமும் வேறு வேறு என்பது நம் வாள்களில் இயல்பே. எழுத்தைக் கடைசியில் பாருங்கள். இரும்பை முதலில் பாருங்கள்.

சோதனைகள் ஐந்து:

1. வகை. பகவதி கோயிலில் வெளிச்சப்பாடு ஏந்தும் வளைந்த வாள் வழிபாட்டுக்கு உரியது, போருக்கு அன்று. அதைப் போர்வாளின் இலக்கணத்தால் அளக்கக் கூடாது.

2. கனம். வெர்னியர் அளவுகோலால் பிடியருகிலும், நடுவிலும், நுனியருகிலும் அலகின் முதுகை அளக்கவும். சம்மட்டியால் அடித்து உருவாக்கிய வாள் பொதுவாக நுனியை நோக்கி மெலிந்து செல்லும். தகட்டிலோ லாரி ஸ்பிரிங் பட்டையிலோ வெட்டியது பெரும்பாலும் ஒரே கனமாக இருக்கும்.

3. துரு. பழந்துரு கறுத்து, இறுகி, ஓரிடம் கூடி ஓரிடம் குறைந்திருக்கும். புதுத்துரு செம்மஞ்சளாக, விரலில் ஒட்டும். அமிலம் ஊற்றி வரவழைத்த துரு எங்கும் ஒரே சீராக இருக்கும்.

4. வரி. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உண்மையான வரி எஃகின் உள்ளேயே இருப்பது. தேய்ந்த இடத்திலும் தொடரும். அமிலத்தால் எழுதிய வரி மேல்தோலோடு நின்றுவிடும்.

5. பிடி. மின்பற்றவைப்பின் மணி போன்ற தடம், இயந்திரத்தில் வெட்டிய திருகு மரை ஆகியவை தெரிந்தால் பிடி பிற்காலத்தது, அல்லது பிற்காலத்தில் பழுது பார்த்தது.

பணிமனையில் எஃகின் வகையறியச் சாணைச் சக்கரத்தில் வைத்துப் பொறி பார்ப்போம். அதைப் பழைய வாளில் செய்யவே கூடாது.

இந்த ஐந்தும் பார்த்தபின் "போலி அன்று" என்று ஓரளவு சொல்லலாம். "திப்புவின் வாள்" என்று சொல்ல முடியாது. ஐதர் அலி 1766இல் பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டினார். 1790இல் அது ஆங்கிலேயர் வசமானது. அந்த ஆண்டுகளில் இவ்வழியே போன படைவீரர் ஆயிரக்கணக்கானோர், வாளும் அத்தனை. 2023 மே மாதம் இலண்டனில் திப்புவின் வாள் ஒன்று 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அது தளபதி டேவிட் பெயர்டுக்கு வழங்கப்பட்டது என்ற வரலாறு அதனோடு கூடவே வந்தது. நம் வீட்டு வாளுக்கும் அத்தகைய தொடர்ச்சி வேண்டும். ஆகவே பாட்டி தாத்தாவுக்கு நினைவு இருக்கும்போதே, வாள் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரில் இருந்தது என்று கேட்டுத் தேதியிட்டு எழுதி வையுங்கள். பழைய புகைப்படத்தில் வாள் தெரிந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

நம் வாள்களுக்குப் பெரும் பகை நம் பக்தியே! ஆயுத பூசைக்குப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கைப் போல் தேய்க்கிறோம். எமரித் தாளும் போடுகிறோம். நுனியில் எலுமிச்சம்பழம் குத்துகிறோம். அந்தப் புளிப்பு இரும்பை அரிக்கும். ஈரச் சந்தனமும் துருவை வளர்க்கும். ஒரே காலையில் இருநூறு ஆண்டுச் சாட்சி அழிந்துவிடும். பழத்தை அருகில் ஒரு தட்டில் வையுங்கள். சந்தனத்தைச் சுவரிலோ பலகையிலோ இடுங்கள். உலர்ந்த மென்துணியால் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் போதும். தோலுறைக்குள் நெடுநாள் பூட்டி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. நூறு ஆண்டுக்குக் குறையாத இத்தகைய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவது. தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் "நினைவுக்கு எடுத்துப் போகிறேன்" என்று பெட்டியில் வைத்துவிடக் கூடாது. வாள் வைத்திருப்பது பற்றி 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உண்டு. உங்கள் பகுதிக்கு என்ன விதி என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறையையோ அரசு அருங்காட்சியகத்தையோ அணுகலாம். வாசலில் வந்து எடைக்கு விலை பேசுபவரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். வாங்க வந்தவர் சொல்லும் மதிப்பு மதிப்பாகாது.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு நிலப் பத்திரம் இல்லாமற் போயிருக்கலாம், ஓலைச்சுவடி செல்லரித்திருக்கலாம். முன்னோர் கை பட்ட இரும்பு ஒன்று மிஞ்சியிருக்குமானால், இந்த ஆயுத பூசைக்கு அதைப் பளபளப்பாக்காமல் விட்டுவிடுங்கள். அதன் கறுப்பிலே தான் நம் கதை இருக்கிறது.