ஒரே இழுப்பில் பூட்ட முடியாதா?

கேள்வி: ஸ்கேட்டிங் பூட்ஸுக்கு லேஸ் கட்டி முடிப்பதற்குள் மகளின் பயிற்சி நேரம் கரைந்துவிடுகிறது. சட்டென்று பூட்டும் அமைப்பை வடிவமைக்க முடியாதா?

பதில்: முடியும். பாதி வேலை ஏற்கெனவே நடந்துவிட்டது. அமெரிக்காவின் போவா நிறுவனம் 2001இல் ஸ்னோபோர்டு பூட்ஸுக்குக் கொண்டுவந்த அமைப்பில் லேஸுக்குப் பதில் மெல்லிய எஃகு வடம். குமிழைத் திருகினால் இறுகும். வெளியே இழுத்தால் மொத்தமும் தளரும். இப்போது இன்லைன் ஸ்கேட்டுகளிலும் வருகிறது.

சிக்கல் வேகத்தில் இல்லை. விரல்பக்கம் சற்றுத் தளர்வாகவும் கணுக்கால் மடியும் இடம் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். குதிகால் எழும்பினால் சக்கரம் சொன்னபடி கேட்காது. வழுக்கி ஓடும் ஒற்றை வடமோ இழுவிசையை ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரி பரப்பிவிடும். இடத்துக்கு இடம் இறுக்கத்தை மாற்ற லேஸ்தான் வசதி. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அது இன்னும் ஒழியாதது வெறும் பழமைப்பற்று அல்ல.

நீங்களே செய்து பார்ப்பதானால், ஒரே இழுப்பு என்ற ஆசையை விடுங்கள். முன்பாதத்துக்கு இழுவடம், குதிகாலைப் பின்னுக்கு அழுத்த 45 டிகிரி சாய்வில் ஒரு பட்டை, மேலே பல் வைத்த பக்கிள். மூன்றே அசைவு. பக்கிளின் பல் தேயும். கழற்றி மாற்ற வசதியாக, ரிவெட் அடிக்காமல் திருகாணியில் பொருத்துங்கள்.