பேரப்பிள்ளைகளும் தோட்டப் பாடமும்



திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழ்நாட்டுக் காய்கறி மூட்டைகள் வந்து இறங்குகின்றன. அங்கு வளரும் பிள்ளைகளுக்கு வெண்டையும் கீரையும் கடையிலேயே விளைபவை என்று தோன்றக்கூடும். அவ்வெண்ணத்தை மாற்ற வல்லவர் வீட்டிலுள்ள முதியோரே. நிலமில்லையென்று தயங்க வேண்டா; மொட்டைமாடியில் நான்கு மண்பைகள் போதும்.

முதற்பாடம் காலம். கீரையை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிக்கலாம். வெண்டைக்கு ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும். கேரளத்து முதியோர் ஆண்டை 27 ஞாற்றுவேலைகளாகப் பகுப்பர். ஜூன் இறுதியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில் மிளகுக்கொடி நடுவர். இதனை வெறும் சோதிடமென்று ஒதுக்கற்க. விடாமழையில் கொடி எளிதில் வேர்பிடிக்கும் என்னும் காரணம் அதில் உண்டு.

இரண்டாம் பாடம் காரணகாரியம். செங்கீரையில் மழைநாளில் இலைப்புள்ளி நோய் காணும். இலைமேல் தெறிக்க நீரூற்றினால் அது பரவும். வேரில் ஊற்றினால் குறையும். கோ 1 என்னும் பச்சைக்கீரை அந்நோயைத் தாங்கும். இரண்டையும் கலந்து விதைத்தால் நோய் மட்டுப்படும் என்பர் வேளாண் அறிஞர். வேற்றினம் அருகிருத்தல் கேடென்பார்க்கு அந்தப் பாத்தியே விடையன்றோ!

மூன்றாம் பாடம் முதியோரின் மதிப்பு. பிறர் நிலத்தில் உழைத்து மூத்த பலர், 'எங்களுக்கு என்ன தெரியும்?' என்பர். விதையை அவர் கையில் கொடுங்கள். அக்கணமே அவர் ஆசிரியராவர்.

'நம்மைத் தாழ்த்தியதே மண்வேலை. பிள்ளையையும் அதில் விடுவதா?' எனத் தாய்மார் வினவுவர். நியாயமான வினாவே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரில் அய்யன்காளி (1863–1941) தலைமையில் வயல் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, தம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம். வயிற்றைக் காயவிட்டு வாங்கிய பள்ளி நேரத்தில் ஒரு நாழிகையும் தோட்டத்திற்குக் கொடுத்தலாகாது. ஆயினும் இழிவு மண்ணில் இருந்ததில்லை. உழைத்தவர்க்கு நிலத்தையும் எழுத்தையும் மறுத்தவரிடத்திலேயே இருந்தது. பாட்டனார் அடிமைபோல் செய்ததைப் பேரன் அறிவாகக் கற்பதில் தாழ்வு யாதுமில்லை.

ஆகையால், விடுமுறை நாளொன்றில் ஒரு பிடி கீரைவிதை தூவச் செய்வோம். விதைத்த நாள், முளைத்த நாள், பறித்த அளவு ஆகியவற்றைப் பிள்ளை ஏட்டில் எழுதட்டும். எழுத்தறியாத பாட்டிக்கு அதனை மாலைதோறும் வாசித்துக் காட்டட்டும். பாட்டி மண்ணைக் கற்பிக்க, பேரன் எழுத்தைக் கற்பிக்க, ஒரே பாத்தியில் இரண்டு கல்வியும் விளையும்.